தங்கப்பொண்ணுவின் சம்பந்தி

எருமைப் பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுச் சாய்க்கிறார் தங்கப்பொண்ணு. சொட்டு இறங்க யோசிக்கிறது. அடுத்து ஜெர்சி மாட்டின் பால். அது நகத்தை விட்டு ஓடியே போகிறது. தலையை ஆட்டிக்கொண்டு, சின்னப் போணியில் இருக்கும் எருமைப் பாலைப் பெரிய கேனில் இருக்கும் ஜெர்சிப் பாலோடு ஊற்றிக் கலக்குகிறார். "இப்பச் சரியா இருக்கும்."

எழுமலையிலிருந்து பேரையூர் போகும் சாலையை ஒட்டி அவருடைய மாட்டுக் கொட்டம். காலையும் மாலையும் இந்தக் கலவைதான் பால் நிலையத்துக்குப் போகிறது. அங்கே அளவை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. பாலின் கெட்டித்தன்மையைச் சோதித்துத்தான் விலை. ஊரில் அதற்குப் பெயர் 'டிகிரி'. ஜெர்சி நிறையக் கறக்கும், டிகிரி நிற்காது. எருமை கொஞ்சம்தான் கறக்கும், டிகிரி நிற்கும். ஒன்று கேனை நிரப்புகிறது, மற்றது விலையைத் தாங்குகிறது.

எருமையிடம் அவர் பேச்செல்லாம் 'வாடி, போடி, தள்ளி நில்லுடி'. ஜெர்சியிடம் மட்டும் 'வாங்க, சாப்பிடுங்க'. ஏன் இந்த மரியாதை என்று கேட்டேன்.

"சம்பந்தி வீட்டு ஆளுகள வேற எப்படிப் பேசுறது? பருத்திக்கொட்டை ஒரு கை கொறஞ்சா மூஞ்சியத் தூக்கிக்கிருவாக. மறுநா பாலு கொறையும். வெயில்ல நின்னாக் காச்சல். ஆனா 'எம்புட்டுக் கறக்குது'ன்னு ஊரே விசாரிக்கிறது இவுகளத்தான்."

இந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. வரப்பில் புல் இல்லை. சோளத்தட்டை முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. மேலூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் வைக்கோலை வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விலை ஏறிக்கொண்டே போக, பால் விலை போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பல ஊர் சுற்றிவிட்டு வந்த என்னிடம் அவர் முதலில் கேட்டதே, "அங்குட்டெல்லாம் புண்ணாக்கு என்ன வெல?" என்பதுதான்.

அடுத்த மழைவரை இரண்டுக்கும் தீனி போட முடியாது. ஒன்றை விற்றாக வேண்டும். தப்பானதை விற்றுவிட்டால், மிஞ்சியது தன் தீனிக்கு மட்டுமே கறக்கும். வீட்டு அடுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

கணவர் கருத்தக்கண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "கேன் ரொம்புறது ஜெர்சியாலதான். எருமையக் குடுத்துருவோம்" என்று தரகர் வெள்ளைத்துரைக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். தங்கப்பொண்ணு வாதாடவில்லை. மறுநாள் பாலைக் கலக்காமல் தனித்தனியாகக் கணவரிடமே கொடுத்தனுப்பினார். ஜெர்சிப் பால் நிலையத்துக்கு. எருமைப் பால் எழுமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு.

நிலையத்தில் பால் சோதிக்கும் சூரியபிரகாஷ், "என்ன மாமா, வர்ற வழியில கொழாயடியப் பாத்துட்டு வாரீகளா?" என்று சிரித்தாராம். சொட்டுத் தண்ணீர் கலக்காத பாலுக்கு அந்தப் பேச்சு. டீக்கடைக்காரரோ, "நாளையிலருந்து இதையே கொண்டாங்கண்ணே" என்று நல்ல விலையும் சொல்லியிருக்கிறார். வீடு திரும்பிய கருத்தக்கண்ணன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

நான் மறுபடியும் போயிருந்த ஒரு காலையில், தோளில் புதுக் கயிற்றோடு வெள்ளைத்துரை வந்து நின்றார். விற்கும் மாட்டோடு பழைய கயிற்றைக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை. வாங்க வருகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். அவர் நேராக எருமையிடம் நடந்தார்.

"அண்ணே, அங்கிட்டு எங்க போறீக? கெளம்புறது இவுக."

"கறக்குற ஜெர்சியவா? ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? நாளைக்குப் பால் நிலையத்துல என்னத்த ஊத்துவ?"

"வெலையக் கூட்டச் சொல்லுங்க, ஊத்துறேன். இவுக கறக்குறது இவுக திங்கிறதுக்கே சரியாப் போகுது. அவ காஞ்ச தட்டையத் தின்னுட்டுக்கூட ஒரு போணி குடுக்குறா. எனக்கு அம்புட்டுப் போதும்."

தரகர் கணவர் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு டீக்கடைக்கு நேரமாச்சு" என்று கருத்தக்கண்ணன் எருமைப் பால் போணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

விலை படிந்தது. தங்கப்பொண்ணு ஒரு கை பருத்திக்கொட்டையை ஜெர்சியின் வாயருகே நீட்டினார். "சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க." அது நிதானமாகத் தின்று முடிக்கும்வரை உள்ளங்கையை விரித்தபடியே நின்றார். பிறகு தரகர் தன் கயிற்றைக் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

மாடு சாலை திரும்பி மறைந்ததும், கழற்றிய பழைய கயிற்றைச் சுருட்டி, கழுவிக் காயவைத்திருந்த பெரிய கேனுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினார்.