கொடிக்கம்பியில் ஒரு குடித்தனம்

2016-ஆம் வருஷம் ஆடி மாதம். நெய்வேலி நகரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்து, அந்த வருஷம் மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகியிருந்தார். வடலூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தோம். ஆடியில் குடி போகக் கூடாதல்லவா, அதனால் ஆவணி பிறக்கட்டும் என்று பாதிச் சாமானைக் கட்டி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நகரியத்தில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருப்பார்கள். எதிர் வீட்டம்மா கோயம்புத்தூர், பக்கத்து வீட்டம்மா நாகர்கோவில். அவர்களெல்லாம் பஜாருக்கும் கோயிலுக்கும் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு ஆட்களைப் பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். யாராவது பெல் அடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அவர் டூட்டிக்குப் போயிருக்கார்" என்று சொல்வதோடு சரி. ஒரு தடவை பழக்கதோஷத்தில் அவர் வீட்டில் இருக்கும்போதே அப்படிச் சொல்லிவிட்டேன். "நான் இங்கதான்யா இருக்கேன், போயிடாத!" என்று அவர் சாப்பிட்ட கையோடு தெருவுக்கு ஓடினார்.

எனக்குத் துணை பின்பக்கத் தோட்டம்தான். முன்பு அங்கே பெரிய மாமரம் ஒன்று இருந்தது. 2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் அது சாய்ந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் பாதி மரம் போய்விட்டது. அடுத்த நாள் தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் புயலைவிடப் பயமாக இருந்தது. பிறகு முருங்கைப் போத்து நட்டு, செம்பருத்தி வைத்து, ஓட்டை விழுந்த தோசைமாவுக் குண்டானை எம்சீல் போட்டு அடைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

நிறையப் பறவைகளுக்கு எனக்குப் பெயர் தெரியாது. விடியற்காலையில் வருகிறவை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் கூட்டமாக வந்து குண்டானில் குளித்துச் சண்டை போடும் தவிட்டுக் குருவிகள் செகண்ட் ஷிஃப்ட், முருங்கையில் உட்கார்ந்து முழிக்கும் ஆந்தை நைட் ஷிஃப்ட். காப்பித் தம்ளரோடு பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அவர் டூட்டி முடிந்து வந்ததும், "என்ன புள்ள, உன் ஆளுங்கல்லாம் பெர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்பார். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று நான் சொன்னபோது, "அப்ப அது நம்மள விட வெவரம். வேலைய கான்ட்ராக்ட் விட்டுடுது" என்றார்.

அந்த ஆடியில்தான் தேன்சிட்டு ஒன்று எங்கள் துணி காயப் போடும் கொடிக்கம்பியில் கூடு கட்ட ஆரம்பித்தது. பின்சுவர் ஆணியிலிருந்து கல்தூணுக்கு அவர் இழுத்துக் கட்டியிருந்த கம்பி அது; சுவரை ஒட்டிய முனையில்தான் அது இடம் பிடித்தது. கட்டைவிரல் அளவு பறவை. நாரையும் சிலந்தி நூலையும் காய்ந்த சருகையும் கொண்டுவந்து, புடலங்காய்ப் பிஞ்சு மாதிரி ஒரு பை தொங்கவிட்டது. பக்கத்தில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் சின்னதாய் ஒரு தாழ்வாரம்கூட வைத்தது. அவருடைய பழைய யூனிஃபார்மைக் கிழித்துக் கரித்துணியாக வைத்திருந்தேன். அதிலிருந்தும் ஒரு நீல நூலை உருவிக்கொண்டு போய் நடுவில் சுற்றியது. அத்தனை வேலையும் பெட்டைதான் செய்தது. பளபளவென்று மின்னும் சேவல் கூடக்கூடப் பறந்து கத்தியதே தவிர ஒரு நார் எடுத்துப் போடவில்லை.

"இவரு சூப்பர்வைசர்" என்றார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் ஆடி முடியட்டும் என்று குடி போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு ஆடி ஏது, ஆவணி ஏது? கட்டி முடித்து முட்டையும் இட்டுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் துணியெல்லாம் நாகர்கோவில் அம்மா வீட்டுக் கொடியில்தான் காய்ந்தது.

ஆவணி பிறந்தது. லாரி சொல்லியாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது நாம் சொந்தமாக அடித்தது, கட்டியது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கறாரானவர். சாமி பட ஆணி வரைக்கும் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டார். கடைசியில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, அதை மட்டும் கழட்டாதீங்க."

"நாம போட்ட கம்பி. கழட்டாம எப்படிச் சாவி குடுக்கிறது?"

"அதுல ஆள் இருக்கு."

அவர் கூட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஊசி மாதிரி ஒரு மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளேயரை இறக்கிவிட்டார். "சரி, விட்டுட்டே போறோம்னு வையி. அடுத்து வர்றவங்க துணி போடாம இருப்பாங்களா? கம்பிய அறுத்துப் போட மாட்டாங்களா? யாருக்கு அலாட் ஆகியிருக்கோ, அவங்ககிட்ட நீயே சொல்லு."

"நானா?"

"பின்ன? உன் குருவிதான!"

அன்று முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். 'வணக்கம்' என்று ஆரம்பிப்பதா, 'வாங்க' என்று ஆரம்பிப்பதா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை.

இரண்டொரு நாளில் அந்தக் குடும்பம் வீட்டைப் பார்க்க வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பேங்குக்குப் போயிருந்தார். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அந்தப் புருஷனுக்கும் சுரங்கத்தில்தான் வேலை. நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வழியில் குழந்தை பஸ்ஸில் வாந்தி எடுத்துத் தாயின் துப்பட்டாவெல்லாம் நாறியிருந்தது. "அம்மா, கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்காமல் பின்பக்கக் குழாயைக் கையால் காட்டினேன்.

அவள் துப்பட்டாவை அலசினாள். பிழிந்தாள். இரண்டு கையாலும் உதறினாள். நான் 'வணக்கமா', 'வாங்கவா' என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டே பின்வாசல் வரை வந்துவிட்டேன். அவள் கையைத் தூக்கிக் கொடியில் வீசப் போன அந்த நொடியில்,

"ஏய்! போடாதே! கூடு! கூடு!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஷிஃப்ட் சங்கு ஊதியது போல இருந்தது. முன்னறையில் ஃபேன் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன், "பாம்பா? எங்க பாம்பு?" என்று எங்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நாகர்கோவில் அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "யாரு சத்தம் போட்டது? நீங்களாக்கும்?" என்று அவளுக்கு வாய் மூடவில்லை.

நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் துப்பட்டாவை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாகக் கம்பிக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"யம்மாடி, மூக்க மட்டும் நீட்டிகினு பாக்குது பாருங்க! இதுக்காம்மா அவ்ளோ சத்தம் போட்டீங்க?"

அதன் பிறகு எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. முட்டையிட்டு எத்தனை நாள் ஆகிறது, சேவல் எந்தப் பக்கமிருந்து வரும், குண்டானில் தண்ணீர் வற்றக் கூடாது, மத்தியானம் பூனை ஒன்று மதிலில் வரும் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். முப்பது வருஷத்துப் பேச்சை அன்றைக்கே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"எங்க வூடும் நெலமும் சுரங்கத்துக்குப் போனதுங்கம்மா. காலி பண்ற அன்னிக்கு வாசல் வேப்பமரத்துப் பொந்துல மைனா குஞ்சு பொரிச்சிகினு இருந்திச்சி. அது பறக்கற வரைக்கும் மரத்த வுடுங்கன்னு யார்கிட்ட சொல்றதுன்னே எனக்குத் தெரியல. பேசாம வண்டில ஏறிட்டேன். நீங்க கத்துனீங்க பாருங்க, அது மாதிரி கத்தியிருக்கணும் நானு."

அவள் எழுந்து, துப்பட்டாவைச் செம்பருத்திச் செடி மேல் விரித்தாள். "கம்பிய கழட்ட வேணாம்னு ஐயாகிட்ட சொல்லுங்க. நாங்க கேட்டு வாங்கிகினோம்னு இருக்கட்டும். நீங்க தெகிரியமா போங்கம்மா" என்றாள். போகும்போது என் வீட்டுக்காரர் செல் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

கம்பியை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் வடலூருக்கு வந்துவிட்டோம். புது வீட்டில் சிமெண்ட் வாசனை மட்டும்தான் இருந்தது. சுற்றி ஒரு மரம் கிடையாது. காலையில் காப்பித் தம்ளரோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். புதுக் குடும்பம் இன்னும் பால் காய்ச்சவில்லை. அதற்கு முன்னால் வெள்ளையடிக்க ஆட்கள் வருவார்கள், ஏணியைச் சாத்துவார்கள். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். "கூட்டுக்கார அம்மா இருக்காங்களான்னு கேக்குறாங்க. ஒனக்குத்தான்."

அவள்தான். வெள்ளையடிக்கிறவர்கள் வரும் நாளெல்லாம் சோறு கட்டிக்கொண்டு, குழந்தையோடு பஸ் ஏறி வந்து, அந்தக் காலி வீட்டின் பின்வாசலில் காவல் உட்கார்ந்திருக்கிறாள். "அந்தப் பின்சுவத்த மட்டும் வுட்டுடுங்கண்ணேன்னு சொன்னேன். ஒரு சுவரு வுட்டா மேஸ்திரி என்னிய திட்டுவாருன்றாரு அந்த வெள்ளையடிக்கிறவரு. கூட்டியாங்க மேஸ்திரியன்னேன். அவரு வந்து நின்னாரும்மா. அந்த நேரம் பாத்து தாய்க்குருவி புழுவ கவ்விகினு வந்து ஊட்டுது. குஞ்சு பொரிச்சாச்சிம்மா! அவரு பாத்துகினே நின்னாரு. 'சரி, நாளைக்கி உங்க வூட்டு ஆளுங்க யாராச்சும் சுவரு ஏன் இப்படி இருக்குதுன்னு கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க'ன்னு சொல்லிட்டு ஏணிய எடுத்துகினு போயிட்டாரு."

பால் காய்ச்சும் நாளன்று எங்களையும் வரச் சொல்லியிருந்தாள். காலையில் முதல் பஸ்ஸிலேயே போனோம். நானே வாசல் பெல்லை அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுப் பெல்லை வெளியிலிருந்து அடிக்கிறேன்! வீடு முழுக்கப் பளிச்சென்று வெள்ளை. பின்சுவரில் மட்டும் கதவகலத்துக்குப் பழைய பாசி நிறம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் கூடு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே கீச்சுச் சத்தம்.

அவளுடைய மாமியார் சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினார். பால் பொங்கும் வரை யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் பானையைப் பார்த்தபடி நின்றோம். நான் மட்டும் ஒரு கண்ணைப் பின்வாசலில் வைத்திருந்தேன். கூட்டு வாசலில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. தாய்க்குருவி செம்பருத்தியில் இருந்துகொண்டு வாயில் இரையோடு கூப்பிட்டது. குஞ்சு எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது. மறுபடி எட்டிப் பார்த்தது.

"வருது!" என்றேன்.

பாலை விட்டுவிட்டு அத்தனை பேரும் பின்பக்கம் ஓடினோம். குஞ்சு இறக்கையை விரித்ததா, விழுந்ததா என்றே தெரியவில்லை. செம்பருத்தி வரைக்கும் போக முடியாமல், முன்னால் நின்ற என் வீட்டுக்காரர் தோளில் வந்து தொற்றிக்கொண்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்தூண் மாதிரி நின்றுவிட்டார்.

"ஐயா, நவுராதீங்க!"

"நகரலம்மா. மூக்கு அரிக்குது, அதுக்கே நகரல."

தாய்க்குருவி அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தியது. குஞ்சு ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, எவ்விச் செம்பருத்திக்குப் போய்விட்டது. பின்னாலேயே இரண்டாவதும் கூட்டைவிட்டு வந்து சேர்ந்தது. குழந்தை கை தட்டியது. அப்போதுதான் உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தமும் தீய்ந்த பால் வாசனையும் வந்தது.

"அய்யய்யோ அத்தை, பாலு! பொங்கினத ஒருத்தருமே பாக்கலியே!"

மாமியார் செம்பருத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "பொங்கிச்சா இல்லியா? அது போதும். பாலுக்கென்ன, நாம பாத்தாத்தான் பொங்குமா?"

அந்தப் பாலில் போட்ட காப்பியை நாங்கள் எல்லோரும் பின்வாசலில், அந்த வெள்ளையடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை. அது மாதிரி ஒரு காப்பியை நான் குடித்ததே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் தன் தோளைத் தன் பாட்டுக்குத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அத்தனை பேர் நின்னாங்கள்ல, எங்கிட்டதான வந்துச்சு" என்றார். வீடு வருவதற்குள் அதையே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஒடித்துக் கொடுத்த செம்பருத்திக் குச்சி இப்போது வடலூரில் மதில் உயரம் வளர்ந்து பூக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். துணி காயப் போட இரண்டு கொடி கட்டியிருக்கிறோம். ஒன்றில் துணி போடுவதில்லை. இன்னும் யாரும் குடி வரவில்லை, வரட்டும், அவசரமில்லை. பெல் அடித்தால் இப்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. வெளியே நிற்கிறவரும் எங்கேயோ ஒரு கூட்டை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டால், "வாங்க" என்ற வார்த்தை எனக்குத் தானாகவே வந்துவிடுகிறது.