கிடா முட்டிய ஹெட்லைட்

எங்கள் வீட்டில் டூப்ளிகேட் என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஷெட் போட்டு இம்பெல்லர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பம்புக்குள்ளே சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம் அது. பெரிய கம்பெனிக்காரர்களின் பம்பில் சக்கரம் தேய்ந்துபோனால், அதைக் கழற்றிவிட்டு இவருடையதைப் போட்டுக்கொள்ளலாம். விலை குறைவு, ஓட்டம் அதே ஓட்டம்தான் என்பது அவர் கட்சி. அதை யாராவது டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டால் மனிதர் சாப்பாட்டுத் தட்டை விட்டே எழுந்துவிடுவார். ரீப்ளேஸ்மென்ட் என்று சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு அது வாயில் நுழையாது. "எம்பையன் மாத்துச் சாமான் பண்றானுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த என் அப்பா எதிர்க்கட்சி. ஆணி வாங்கினாலும் கம்பெனி ஆணியா என்று கேட்கிற ஆள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடத்தில், தன் கிணற்று பம்புக்கு மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு இம்பெல்லர் வாங்கியதில்லை. இவரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. தாராபுரம் போய்வந்தால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எதிரே வந்தால் மட்டும் இரண்டு பேரும் ங்க போட்டுப் பேசியே ஒருவரை ஒருவர் மூழ்கடித்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒரு சின்ன வெள்ளைக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஓட்டுவது நான். இவருக்கும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் லாரியைக் கண்டால் கை நடுங்கும். நான் பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளை அடக்கியவளுக்கு நாலு சக்கரம் ஒரு பொருட்டா?

அந்த வருடம் அம்மா மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி. மத்தியானம் காரை எடுத்தால் மூன்றரைக்குத் தோட்டத்தில் இருப்பேன். அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ராத்திரிக்குச் சமைத்து வைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்புவேன். திரும்பி வரும் வழியெல்லாம் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கு உரியது என்பது எழுதாத சட்டம். ஆகவே ஹெட்லைட் இருந்தால் எனக்கு அம்மா உண்டு, இல்லையென்றால் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் பிற்பாடு இது யாருக்குமே ஞாபகம் இல்லாமல் போனது.

ஒரு சனிக்கிழமை இவரும் கூட வந்திருந்தார். காரைக் கழுவித் துடைத்துத் தோட்டத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். அப்பா வளர்த்துவந்த செம்மறிக் கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் இன்னொரு கிடா நின்று தன்னை முறைப்பதைப் பார்த்திருக்கிறது. மரியாதையாக நாலு அடி பின்னால் போய், தலையைக் குனிந்து, ஒரே முட்டு. இடது பக்க ஹெட்லைட் தூள்.

கிடாவை அடிக்க முடியாது. கோயிலுக்கு நேர்ந்து விட்டது. உள்ளே கட்டிலில் இருந்து அம்மா, "கெடாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கத்தினாள். பெற்ற மகளின் கார் உடைந்து கிடக்கிறது, அவளுக்குக் கிடா கவலை.

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "மாப்ள, நம்ம கெடா ஒடச்சுப்போட்டுது. கம்பெனி லைட்டு ஒண்ணு நாந்தானுங்க வாங்கித் தருவேன்."

"அதெல்லாம் வேண்டாமுங்க மாமா. வாயில்லாத சீவன். நானே பாத்துக்கறனுங்க."

"அது எப்பிடீங்க? நம்ம ஊட்டுக்கு வந்த வண்டியிங்க."

"உங்க வண்டின்னு நெனச்சுக்கங்க மாமா."

"அப்பறம் நாந்தானுங்க வாங்கோணும்."

வெயிலில் இப்படியே வெகுநேரம் ஓடியது. கடைசியில் இவர்தான் ஜெயித்தார். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டோம். அம்மாவுக்கு அன்றைக்குத் தலைகூட வாரவில்லை. வழியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. "லைட்டு மாத்தற வரைக்கும் இருட்டுல நீ வண்டி எடுக்க வேண்டாம் புள்ள."

திங்கட்கிழமையே நான் ஷோரூமுக்கு போன் போட்டேன். ஸ்டாக் இல்லை, சென்னையில் இருந்து வர வேண்டும், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். இவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தியா, கம்பெனிக்காரன் பொழப்பு இதுதான்" என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு உக்கடத்துக்குப் போனார்.

உக்கடத்து ஸ்பேர்ஸ் கடை பாய் தங்கமான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து லைட்டை எடுத்துக் காட்டினார். இவர் அதை இரண்டு கையிலும் ஏந்தி, தன் சொந்தச் சரக்கைப் பார்ப்பதுபோல் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். "ஃபினிஷிங் அருமைங்க பாய்" என்றார். தொழிலாளியைத் தொழிலாளி பாராட்டுகிறாராம்.

"அண்ணா, ஒரு தடவை வண்டியில வெச்சுப் பாத்துக்கங்க. பொருந்தலைன்னா கொண்டாந்து குடுத்துருங்க, மாத்தித் தர்றேன்" என்றார் பாய்.

இவர் முகம் சிவந்துவிட்டது. இம்பெல்லரை வாங்கிப்போய்ப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களை இவருக்கு அறவே பிடிக்காது. அப்படிப்பட்ட காரியத்தைத் தானே ஒரு தொழில்காரருக்குச் செய்வதா? "திருப்பற பேச்சே இல்லீங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் கீழ்ப்பக்கத்து ஓட்டை அரை விரல் தள்ளி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்போதே உக்கடத்துக்கு வண்டியைத் திருப்பியிருப்பார்கள். இவர் லைட்டை ஷெட்டுக்குக் கொண்டுபோய், அரம் போட்டு ராவி, ஒரு வாஷர் கடைந்து சொருகி, தட்டி உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்தது. ஆனால் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது.

அடுத்த சனிக்கிழமை தாராபுரத்தில் இருந்து திரும்பும்போதுதான் எனக்கு அது புரிந்தது. வலது கண் ரோட்டைப் பார்த்தது. இடது கண் தென்னை மரங்களின் தலையைப் பார்த்தது. வழிநெடுக எந்த மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, ரோட்டின் இடது ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் கண் கூசி என்னைத் திட்டினார்கள். ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தியே கேட்டார். "ஏனுங் அம்மணி, நெலாவுக்குங்களா போறீங்க?" குண்டடம் தாண்டி ஒரு குழியில் இடது சக்கரம் இறங்கி ஏறியபோது என் பல் நாக்கைக் கடித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"செட்டிங் பண்ணிக்கலாம்" என்றார். வாரம் முழுக்க செட்டிங் செய்தார். திருகாணியைக் கடைசிவரை திருகியும் லைட் தென்னை மட்டையில் இருந்து தேங்காய்க்கு இறங்கியதே தவிர, தரைக்கு வரவில்லை. "பாய்கிட்டக் குடுத்து மாத்திட்டு வாங்க" என்றேன். "ராவின சாமானை எந்த மூஞ்சியில திருப்பறது?" என்றார். பதில் நியாயம்தான். ஆனால் அம்மா கட்டிலில் கிடந்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. அம்மாவுக்கு ரசம் வைத்து இறக்குவதற்குள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "இதுக்கு நீ வராமயே இருக்கலாம் சாமி" என்றாள். என் மேல் இருந்த இரக்கத்தில் சொன்னதுதான்.

கிளம்பும்போது அப்பா என்னைப் பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் கூப்பிட்டார். துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். புத்தம்புது ஹெட்லைட், கம்பெனிப் பெட்டியோடு! தானே பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்து, ஷோரூமில் முன்பணம் கட்டிச் சொல்லி வைத்து, மறுபடியும் வந்து வாங்கிப்போயிருக்கிறார்.

"கோயமுத்தூர் வந்துட்டு ஊட்டுக்கு வராம போயிட்டீங்களா?" என்றேன்.

"ஊட்டுக்கு வந்தா மாப்ளைக்குத் தெரிஞ்சுபோயிருமில்ல கண்ணு. வருத்தப்படுவாரு."

மகள் வீடு இருக்கிற ஊருக்கு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்க்காமல் போன குற்றத்தைவிட, மாப்பிள்ளையின் வருத்தம் பெரிதாம். "அப்ப இதை எப்பத்தான் குடுக்கறதா உத்தேசம்?" என்று கேட்டேன். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

நான் யோசித்தேன். அடுத்த வாரம் இவரைக் கையோடு காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இருட்டத் தொடங்கியதும் மோட்டார் ரூம் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி லைட்டைப் போட்டேன். வலது வெளிச்சம் சுவரில் விழுந்தது. இடது வெளிச்சம் சுவரைத் தாண்டித் தென்னை உச்சியில் தூங்கிக்கொண்டிருந்த காக்காய்களை எழுப்பிவிட்டது. "அப்பா, அந்தத் துண்டைக் கொண்டுவாங்க" என்றேன். வேறு வழியில்லாமல் கொண்டுவந்தார். அவர் இரண்டு தடவை கோயம்புத்தூர் வந்துபோன கதையையும் நான் போட்டு உடைத்தேன்.

இனிமேல் சண்டை வரும், அதில் ஒரு முடிவு பிறக்கும் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். அப்பா கம்பெனி லைட்டைக் கையில் வைத்துக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள லைட்டு சும்மா சொல்லக் கூடாதுங்க. எந்தத் தேங்காக் கொலை முத்தியிருக்குதுன்னு கீழ இருந்தே பாத்துக்கலாமுங்க. இதே இருக்கட்டுங்க."

இவர் பதறிப்போனார். "ஐயோ, இல்லீங்க மாமா. நீங்க ரண்டு தடவ அலஞ்சு வாங்கியாந்திருக்கறீங்க. என்ன இருந்தாலும் கம்பெனி கம்பெனிதானுங்க."

அதைச் சொன்னபோது இவர் குரல் கம்மிப்போனதை நான் கவனித்தேன். தன் ஷெட்டையே காலால் எட்டி உதைத்த மாதிரி அல்லவா அந்தப் பேச்சு? எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் நிறுத்துகிற வழியாக இல்லை. போன மாதம் ஆளுக்கொரு லைட்டுக்காகப் பேசினார்கள், இன்றைக்கு ஆளுக்கு அடுத்தவர் லைட்டுக்காகப் பேசினார்கள். லைட் மட்டும் மாறவில்லை. காக்காய் கத்திக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

கட்டிலில் இருந்து அம்மா, "ஆருங்க அது?" என்றாள். மாப்பிள்ளையும் மாமனாரும் நிற்கிற இடத்தில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வண்டி ஓட்டறது நானு. எனக்கு வேண்டியது ரோடு, தேங்கா இல்லை. கம்பெனி லைட்டை மாட்டுங்க. அதுக்குப் பதிலா, அப்பா, உங்க கெணத்து பம்புக்கு இனிமே இவரு இம்பெல்லருதான். செரீங்களா?"

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்துக்கு எதிரே முடியாது என்று எப்படிச் சொல்வார்? "செரி கண்ணு" என்றார். இவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார். கம்பெனி லைட் தட்டாமல் கொட்டாமல் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வெளிச்சமும் சுவரில் ஒரே மட்டத்தில் விழுந்தன. அன்றைக்கு அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு, நிதானமாகக் கிளம்பினேன்.

குண்டடம் வரைக்கும் இவர் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"மாமாவோட பம்பு பழைய மாடலு புள்ள. அந்த சைஸு இம்பெல்லரு நான் பண்றதே இல்ல."

நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். "அப்பறம் எதுக்குங்க, எங்கப்பன் வாங்கலைன்னு எட்டு வருசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தீங்க?"

இவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

"மாமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? இந்த சைஸு இல்லீங்க மாமான்னு நானும் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று இவருக்குப் புரியவில்லை.

"கெடா முட்டுன நாள்ல இருந்து," என்றேன், "எந்த லைட்டு வேணும்னு என்னைய ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வண்டியை எடுத்தேன். பல்லடம் நெருங்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செரி, இப்பக் கேக்கறேன். ரோடு தெரியுதா?"

"தெரியுதுங்க."

கொஞ்ச தூரம் போனதும், "எடது பக்கம்?" என்றார். தெரியுதுங்க என்றேன். காரணம்பேட்டையில், "குழி வந்தா தெரியுதா?" என்றார். சூலூரில் மறுபடியும் ரோடு தெரியுதா என்பதில் இருந்து ஆரம்பித்தார். போதும், வாயை மூடிக்கொண்டு வாங்க என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. கேட்கட்டும்.