சுவரில் இல்லாத முடிவு

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்; நிமிரட்டும். அப்பா சம்பள நாளில் கட்டைவிரலை மையில் அழுத்துபவர். அம்மாவுக்கு அந்த மையும் தேவைப்படவில்லை. அவர் உதிரிப் பழம் பொறுக்கிய கூலியையும் அப்பாவே வாங்கிக்கொள்வார். நான்தான் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் பட்டது பெரும்பாலும் சுவர்தான். லயத்து வீடுகளின் பலகை இடுக்குகள் வழியாகக் காற்றும் வரும், பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். அதனால் தீபாவளிக்கு முன் எல்லா வீட்டிலும் கோதுமை மாவில் பசை காய்ச்சி, பழைய செய்தித்தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டுவார்கள். மற்றவர்கள் மலாய்ப் பத்திரிகை, சீனப் பத்திரிகை எது கிடைத்தாலும் ஒட்டினார்கள். அம்மா மட்டும் ஜெராம் பட்டணத்துக் கடை முதலாளியிடம் நின்று அடம்பிடிப்பார். "தமிழ்ப் பேப்பரா பாத்துக் குடு தவுக்கே. எம் பொண்ணு படிக்கும்."

எழுத்துக்குத் தலை எது, கால் எது என்று அம்மாவுக்குத் தெரியாது. படம் இருந்தால் நேராக ஒட்டுவார். படமில்லாத தாள்கள் பாதி தலைகீழாக நின்றன. நான் இரண்டு விதமாகவும் படிக்கப் பழகினேன். பள்ளியில் இந்தத் திறமைக்கு மதிப்பெண் கிடையாது.

அடுப்புக்கு மேலே ஒரு தொடர்கதையின் பக்கம் இருந்தது. ஒரு பெண் கணவன் வீட்டை விட்டு வெளியேறி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் பேருந்துக்காக நிற்கிறாள். பேருந்து வந்து நிற்கிறது. அதோடு பத்தி முடிந்துவிட்டது. மீதி இருந்த தாள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். மாலையில் அம்மா சமைக்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பேருந்து நின்ற இடம் வந்ததும் அம்மா, "அப்புறம்?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்கத் தெரிந்தவளுக்கு அடுத்தது தெரியாது என்றால் எப்படி? விரலைச் சுவரிலேயே நகர்த்திக்கொண்டு, அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாளும் அம்மா கேட்டார். "அந்தச் செவுத்துக்காரி எங்கடி போனா?" அவளை ஒரு பட்டணத்தில் இறக்கினேன். அடுத்த நாள் ஒரு அறை பிடித்துக் கொடுத்தேன். பிறகு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை வாங்கித் தந்தேன். அவள் மகளுக்கு வெள்ளிக் கொக்கி வைத்த புத்தகப்பை கிடைத்தது, தினமும் உடைந்த பிஸ்கட்டும் கிடைத்தது. அம்மா கேட்கக் கேட்கக் கதை வளர்ந்தது. அவர் கேட்ட கேள்விகள் மட்டும் விசித்திரமாக இருந்தன. நான் புத்தகப்பையைப் பற்றிச் சொல்வேன். அவர், "இவ வேலைக்குப் போனா புள்ளைய யாரு பாத்துக்கிட்டா?" என்பார். நான் பிஸ்கட்டின் வாசனையைச் சொல்வேன். அவர், "புருசன் தேடிட்டு வரலயா?" என்பார். அண்டை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வார், "எம் பொண்ணு செவுத்தையே படிச்சிரும்." அதைக் கேட்க எனக்கு மனம் குளிர்ந்துபோகும்.

அந்தச் சமயத்தில்தான் செரண்டாவிலிருந்து சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அப்பா சம்சு குடிக்கப் போயிருந்தார். சின்னம்மா அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஆளு எடுக்குறாங்கக்கா. நீ வந்து நில்லு, நான் சூப்பர்வைசர்கிட்ட பேசிக்கிறேன். அங்கயும் தமிழ் ஸ்கூல் இருக்கு லா."

"கொஞ்சம் பொறுடி."

"எதுக்குப் பொறுக்கணும்? இந்தப் பக்கமும் வீங்கட்டும்னா?"

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு தோட்டத்து லோரி ஆட்களைச் சாமான் வாங்க ஜெராமுக்கு ஏற்றிப்போகும். அதில் எல்லோரையும்போல ஏறி வந்துவிட வேண்டும் என்றும், பேருந்து நிற்கும் இடத்தில் தான் காத்திருப்பதாகவும் சின்னம்மா சொன்னார். எனக்கு இதில், துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் மட்டும்தான் தெரிந்தது. ஜெராம் போனால் அது உண்டு.

அந்த வாரம் எனக்குப் பள்ளியில் பெரிய வெற்றி. கற்பனைக் கட்டுரையில், சந்தையில் காணாமல் போன பிள்ளை வீடு திரும்பியதாக எழுதியிருந்தேன். ஆசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "பாத்தீங்களா, கதைன்னா இப்படி முடியணும். குடும்பம் கடைசியில ஒண்ணு சேரணும்" என்று சொல்லி, என் ஏட்டில் சிவப்பு நட்சத்திரம் குத்தினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

சனிக்கிழமை மாலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு துணிப்பையைப் பார்த்தேன். என் பள்ளிச் சட்டை இருந்தது, அம்மாவின் சேலை ஒன்று, என் பிறப்புப் பத்திரம். துவைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறப்புப் பத்திரத்தை ஏன் துவைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை.

அம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குச் சொல்லு" என்றார். "செவுத்துக்காரி அந்த ஊர்லயே இருந்துட்டாளா?"

சிவப்பு நட்சத்திரம் வாங்கியவள் நான். சுவரில் விரலை வைத்து, கட்டுரைக் குரலில் வாசித்தேன். "அவள் தன் கணவனை எண்ணிக் கண்ணீர் வடித்தாள். மறுநாளே இல்லம் திரும்பினாள். அனைவரும் இன்பமாக வாழ்ந்தனர்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"திரும்பிட்டாளா? ஏன்டி? நல்லாத்தானே இருந்தா?"

"கதைன்னா அப்படித்தாம்மா முடியணும்."

"அந்தப் புள்ள? அது என்ன சொல்லுச்சு?"

"அப்பா வேணும்னு அழுதுச்சு."

"எப்பவாச்சுமா?"

"தெனமும்மா. சோறுகூடத் திங்கல."

நான் ஒருநாளும் அப்பா வேண்டுமென்று அழுததில்லை. அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஆனால் கதைகளில் வரும் பிள்ளைகள் அப்படித்தான் அழுதார்கள். நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது.

கருவாடு கருகும் வாசனை வந்த பிறகுதான் அம்மா அடுப்பைப் பார்த்தார். "சரி, போய் மூஞ்சி கழுவு" என்றார்.

ஞாயிறு காலை லோரி வந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஓட்டுநர் ஆரனை அழுத்தினார், "வரலயா நீங்க?" என்று எங்கள் வாசலைப் பார்த்துக் கத்தினார். அம்மா பொதுக் குழாயடியில் அப்பாவின் சட்டையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். ஐஸ் கச்சாங் போயிற்றே என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பள்ளிச் சட்டை திரும்பவும் ஆணியில் தொங்கியது.

சின்னம்மா ஜெராமில் கடைசிப் பேருந்துவரை நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் அப்பா அடித்த ஒரு அடியில் அம்மாவின் இடது காது கேட்காமல் போயிற்று. மருத்துவமனையில் கேட்டபோது, குழாயடியில் வழுக்கி விழுந்ததாக அம்மா சொன்னார். அதிலிருந்து நான் அவருக்கு வலது பக்கம் நின்று பேச வேண்டும். அடுத்த தீபாவளிக்கும் தமிழ்ப் பேப்பர்தான் வாங்கி ஒட்டினார். ஆனால் எதையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நானாகப் போய் நின்றால், "உனக்குப் படிச்சுக்கோ" என்பார். பள்ளியின் மேல்வகுப்பான ஐந்தாம் படிவம்வரை எனக்காகவே படித்தேன். நான் ரவாங்கில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த ஆண்டு அம்மா அதே லயத்தில் இறந்தார்.

அம்மா என் வாசிப்பை நம்பிவிட்டார் என்றுதான் வெகுகாலம் நினைத்தேன். அச்சில் வந்தது என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம்பத்தானே செய்வார்கள் என்று, படித்தவளின் மமதையோடு நினைத்தேன். ஆனால் அந்தப் பத்தி முடிந்த பிறகு ஒவ்வொரு நாளும் நான் விரல் வைத்த இடத்தில் எழுத்தே கிடையாது. அது ஒரு சவர்க்கார விளம்பரம்; முழுச் சவர்க்காரக் கட்டி, நுரையோடு. அம்மா அதைத் தன் கையால் நேராகப் பார்த்து ஒட்டியவர். எழுத்துத் தெரியாதவருக்கும் சவர்க்காரம் தெரியும்.

முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டுச் செய்வதில்லை. ஒரு பிள்ளையிடம், "போயிடலாமா, நீ அழுவியா?" என்று நேராகக் கேட்க அம்மாவுக்கு வாய் வந்திருக்காது. அவர் கேட்ட விதத்தில் கேட்டார். நான் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டார்.