சின்னம்மா கேட்ட குரல்

அவுஸ்திரேலியாவுக்குப் படகிலேயே போய்விடலாம் என்று எங்கள் கரையில் எல்லோரும் நம்பிய காலம் அது. கற்பிட்டிப் பக்கத்து மீன்வாடியில் நேற்றுவரை கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போவார். சில கிழமைகள் கழித்து, பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு தீவிலிருந்து வீட்டுக்குப் போனில் கோல் எடுப்பார். என் சின்னப்பாவும், அதாவது அப்பாவின் ஒரே தம்பியும், ஆழ்கடல் தொழிலுக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு அப்படியொரு றோலர் படகில் ஏறினார்.

மற்றப் படகுகளில் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் கோல் வந்தது. அந்த றோலரில் போனவர்களில் ஒருவருடைய வீட்டுக்கும் வரவில்லை. ஆட்களை ஏற்றிவிட்ட ஏஜென்டும் மறைந்துவிட்டான். அப்பாவும் சின்னம்மாவும் சின்னப்பாவின் படத்தை அச்சடித்து, புத்தளத்திலிருந்து சிலாபம் சந்தைவரை சுவர் சுவராக ஒட்டினார்கள். எஞ்சின் கயிற்றில் அகப்பட்டு அவருடைய இடது சுண்டுவிரல் பாதி போயிருந்தது. அதையும் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். இன்றுவரை அந்த றோலரின் ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை.

சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கக்கூடாது என்று அம்மா என்னை அவருடைய வீட்டில்தான் படுக்க விட்டிருந்தார். அடுத்த வளவுதான் எங்கள் வீடு. ஒரு வருடம் கடந்ததும் அப்பா மரணப் பூசை வைக்கவேண்டும் என்றார்.

"செத்த ஆளுக்குத்தானே பூசை வைக்கிறது?" என்று சின்னம்மா கேட்டார்.

அப்பா பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சனிக்கிழமைக்கு ஒழுங்கு செய்துவிட்டு வந்தார். அம்மா ஒரு கறுப்புச் சேலையைக் கொண்டுவந்து சின்னம்மாவின் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழமைதான் அந்த மனிதன் வந்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே அப்பா, அம்மா, சின்னம்மா மூவரும் நின்றுகொண்டிருக்க, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான். சுவரிலிருந்த புனித அன்னம்மாள் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்ட தம்பியும் அதே றோலர்தான்" என்றான். "எல்லாரும் உயிரோட இருக்காங்க. இந்தோனேசியாவில ஒரு காம்ப்ல பிடிச்சு வச்சிருக்கு. உங்கட ஆளுக்கு இடக்கைச் சின்ன விரல் பாதிதானே?"

அம்மா "மாதாவே!" என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த விரலைப் பற்றி ஊர் ஊராகச் சுவரில் ஒட்டியவர்கள் நாங்கள்தான் என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

காம்ப் காவலாளி ஒருவன் ஒளித்துப் போன் கொடுப்பானாம். அவன் கையை நனைத்தால் ஆட்களை வெளியேயும் எடுத்துவிடலாமாம். சொல்லிவிட்டு அவன் தன் போனில் யாருக்கோ அடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான். கடல் இரைவதுபோல ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"அண்ணே... நான்தான்... எப்பிடியாவது என்னை எடுங்க..."

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சின்னம்மா அழவில்லை. போனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

"நான் கதைக்கிறன். கேக்குதா?"

"ஓம்... கேக்குது... சுகமா இருக்கியா?"

"இருக்கன். நீங்க வளத்த செவல நாய் குட்டி போட்டிருக்கு. நாலு."

"அப்பிடியா... நல்லம்... நல்லாப் பாத்துக்கொள்ளு..."

சின்னப்பாவுக்கு நாய் என்றால் பயம். நாய் நிற்கிற ஒழுங்கை வழியாக அவர் போகவே மாட்டார். எங்கள் இரண்டு வளவிலும் ஒருநாளும் நாய் இருந்ததில்லை. சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். சின்னம்மாவின் கை என் மணிக்கட்டை வந்து பிடித்தது. எலும்பு நோகும்படி இறுக்கிப் பிடித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கோல் அறுந்தது. சின்னம்மா அறைக்குள் போய்க் கையிலிருந்த இரண்டு காப்புகளையும் கழற்றிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தார்.

"கெதியா எடுத்துவிடச் சொல்லுங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அப்பா அன்றைக்கே சுவாமியாரிடம் ஓடிப்போய்ப் பூசையை நிறுத்தினார். கறுப்புச் சேலையை அம்மா திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அந்த மனிதன் கொடுத்த நம்பர் பிறகு ஒருநாளும் வேலை செய்யவில்லை. ஆனாலும் அப்பா பின்னேரங்களில் அதற்கு அடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சில மாதங்களின் பின் அவன் பிடிபட்டான். ஆட்கள் காணாமல் போன வீடுகளாகத் தேடித் தேடிப் போயிருக்கிறான். லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு அவனுடைய கூட்டாளி ஒவ்வொரு வீட்டுக்கும் கணவனாகவும் மகனாகவும் கதைத்திருக்கிறான். அடையாளம் காட்டப் பொலிசுக்கு வரச்சொன்னார்கள். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்ததால் சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"இவன்தானே வந்தது?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"ஓம், இவர்தான். ஆனா என்னை ஏமாத்தயில்ல. நான் என்ட மனுசனோடதான் கதைச்சன்."

"அம்மா, மத்த ஆக்கள் எல்லாம் முறைப்பாடு குடுத்திட்டாங்க. பேசினது இவன்ட கூட்டாளி."

"மத்தாக்களுக்கு அப்பிடி நடந்திருக்கும்" என்றார் சின்னம்மா. "என்ட மனுசன்ட குரல் எனக்குத் தெரியாதா?"

அதுவரை தலையைக் குனிந்துகொண்டு நின்றவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பயந்துபோன பார்வை. சார்ஜன்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். சின்னம்மா ஒரு சொல்லையும் மாற்றவில்லை. முறைப்பாடு கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காப்புகள் போனதைவிட, அந்தக் கள்ளனை அவர் காப்பாற்றியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சின்னம்மா பொய் சொன்னீங்க?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கள்ளக் குரல் எண்டு நான் சொன்னா, அப்பா அடுத்த கிழமையே பூசைய வச்சிருவார்."

"வைக்கட்டுமே" என்றேன் நான். "பூசை நல்லதுதானே?"

கற்பிட்டி வந்து இறங்கும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பொய் சொன்னவர் அவர். கோபப்படுவதும் அவரா என்று நினைத்து, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.