கிராணி மறுத்த செய்தி

என் கணவர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். மாலையில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். எழுபதுகளின் கடைசி அது. கூலிம் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் திடலில் மோதிக்கொண்டிருந்தன. எங்கள் குழு மோதிய இடமெல்லாம் தோற்றது. கேட்டால் நடுவர் சரியில்லை என்பார் இவர். பெண்டாங்கில் தோற்றதற்குச் சேறு சரியில்லை என்றார்.

ஒருநாள் தமிழ்ப் பேப்பரில், எங்கள் குழுவுக்குப் புதிய பயிற்சியாளர் வரப்போவதாக ஒரு சின்னச் செய்தி வந்தது. எழுதியவர் டவுனில் தையல் கடை வைத்திருந்தவர். துணி வெட்டிய நேரம் போக, பேப்பருக்கு நிருபர்.

அன்று சாயங்காலமே தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரும் குழுவின் செயலாளருமான பெரிய கிராணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆபீஸைத் தாண்டி, நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வராத மனிதர்.

"மாத்தமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாம் பேப்பர்காரன் கதை. உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு டிரைவர்!"

இவர் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கு அந்த முழு நம்பிக்கையில்தான் சந்தேகம் வந்தது. அதுவரை அவர் இவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

"ஏங்க, பேப்பர்ல போட்டதுதான் நெசம்னு தோணுது" என்றேன், கிராணி போனதும்.

"கிராணியே நேர்ல வந்து சொல்லிட்டாரு லா. அதுக்கு மேல என்ன?"

"அந்தத் தையல்காரரு எத்தன சாவுச் செய்தி போட்டிருக்காரு! செத்தவங்க யாராச்சும் எழுந்து வந்தாங்களா?"

மறுநாள் சண்டை போடுவதற்கென்றே தையல் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது முன்னைவிடக் கோபமாக இருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"புது கோச்சுக்குச் சிலுவார் தைக்கச் சொல்லி கிராணிதான் இடுப்பளவு குடுத்தாராம். 'அது உங்க இடுப்பு இல்லண்ணே'ங்கிறான். கிராணி தம்பிக்குத் தைக்கச் சொல்லியிருப்பாரு. இதெல்லாம் ஒரு செய்தியா?"

ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பஸ்ஸிலிருந்து ஆஜானுபாகுவாக ஒருவர் இறங்கி வந்தார். கழுத்தில் விசில். இடுப்பில் மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சிலுவார்.

"தங்கச்சி, பாடாங் எந்தப் பக்கம்?" என்று திடலுக்கு வழி கேட்டார்.

மெர்கோங்கிலிருந்து வருகிறாராம். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவராம். புது கோச்சாம். சிரித்த முகத்தோடு கேட்டவரிடம் எப்படிக் கோபப்படுவது? உட்காரவைத்துக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். குளித்துவிட்டுத் துண்டோடு வந்த என் கணவர், அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தார்.

சற்று நேரத்தில் கிராணி சைக்கிளில் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார்.

"ஐயா, இவரு யாரு?" என்று நானே கேட்டேன்.

"இவரா? சும்மா... பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்காரு."

"சும்மாவா?" என்றார் போலீஸ்காரர். "நீங்கதான சிலுவார்லாம் தெச்சுக் குடுத்தீங்க?"

கிராணி போலீஸ்காரருடைய கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, "மாத்தலயே! கூட ஒருத்தரச் சேத்திருக்கோம். அவ்வளவுதான்" என்றார்.

என் கணவர் அதையும் நம்பினார். சட்டையை மாட்டிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன். அன்று இரண்டு விசில்கள் ஒலித்தன. ஒரு விசிலுக்கு ஓடிய பையன்கள் அடுத்த விசிலுக்கு நின்றார்கள். கடைசியில் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. கோல் கம்பத்தில் கைவைத்தபடி நின்றவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், "என்னக் கூப்பிட்டு நேரா சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன் லா" என்றார். மறுவாரம் அவராகவே விலகிக்கொண்டார்.

போலீஸ்காரர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் திடலுக்குப் போவார். குழு தோற்பதை நிறுத்தவில்லை. இவர் கோட்டுக்கு வெளியே நின்று, முன்பைவிடச் சத்தமாக, முன்பைவிடச் சந்தோஷமாக நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.