ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நடப்பதில்லை

நான் பொய்யன். நன்றாக நடமாடும் மனைவியை, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்... ஓராண்டுக்கும் மேலாக! யாரிடம்? என்னை உடன்பிறந்தவனாய் நினைப்பவர்களிடம்.

நீங்கள் முகம் சுளிப்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

கணபதி என்னும் பகுதியில், மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் சிறு பட்டறை என்னுடையது. என் மனைவி பிலோமினாவுக்கு எம்.எஸ். என்னும் நரம்பு நோய் வந்தது. கம்பியின் மேல்பூச்சு உரிந்தால் மோட்டார் திணறும் அல்லவா? அப்படித்தான் நரம்பின் உறை கெட்டு, அவள் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தூக்கினேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன். வீட்டுக்கு வந்த எல்லோரும் அவளைத்தான் விசாரித்தார்கள். நியாயம்தானே!

அப்போதுதான் மருத்துவமனை நர்ஸ் என்னை ஒரு செயலியில் சேர்த்துவிட்டார். இந்த நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கானது அது. ஞாயிறு மாலை எல்லோரும் வீடியோவில் கூடுவோம். முதல் நாளே பவானியிலிருந்து ரஹமத் என்ற பெண் கேட்டார். அவர் கணவருக்கும் இதே நோய்.

"நீங்க சாப்ட்டீங்களாண்ணா?"

அழுதுவிட்டேன்... வெட்கமில்லாமல் அழுதேன்! வெயில் ஏறினால் கால் சோர்ந்துவிடும், ஈரத்துண்டைக் கழுத்தில் போடுங்கள் என்று சொல்லித்தந்ததும் அவர்தான்.

மருந்து பிடித்தது. பிலோமினா எழுந்தாள், நடந்தாள், மாதா கோயிலுக்குத் தனியாகவே போய்வந்தாள்!

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். வீட்டு நோயாளி தேறிவிட்டால் சொல்ல வேண்டும், எல்லோரும் கைதட்டுவோம். அதன்பின் கவனித்துக்கொண்டவரிடம் சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. என்ன அவசியம்?

நான் சொல்லவில்லை. ரஹமத்தின் கணவர் மோசமாகிக்கொண்டிருக்கையில் எப்படிச் சொல்வது என்று சாக்குத் தேடிக்கொண்டேன். உண்மையா அது? இல்லை! அந்த ஒரு கேள்வியை இழக்க எனக்கு மனமில்லை.

போன மாதம் ரஹமத் சொல்லாமல் வந்துவிட்டார். கணவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பஸ் மாறி, கையில் ஒரு ஜமுக்காளத்தோடு. கதவைத் திறந்தவள் பிலோமினா.

"அக்கா... நடக்கறீங்களா!"

என் வாய் முந்திக்கொண்டது. "இன்னிக்குத்தானுங்க... இப்பத்தான் எந்திரிச்சா."

பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல என் தோளைப் பற்றி, நொண்டியபடியே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ரஹமத் ஜமுக்காளத்தை அவள் காலடியில் விரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதார்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படி ஒரு நாள் வருமுங்கண்ணா. இனி நான் நம்புவேன்."

ஐயோ... அந்த நம்பிக்கையை அவர் ஓராண்டுக்கு முன்பே பெற்றிருக்கலாமே! கஞ்சன் நான், பூட்டி வைத்துக்கொண்டேன்.

ரஹமத் போன பிறகும் பிலோமினா திட்டவில்லை. "நல்லா நடிச்சனுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆம், மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறோம், அதையும் மறைப்பானேன்? காலையில் அவள் கொலுசுச் சத்தத்தில் கண் விழிக்கிறேன். இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

அதன்பிறகும், ஒரு நாள் எழுகிறாள், மறுநாள் படுத்துவிடுகிறாள் என்றுதான் கூட்டத்தில் சொல்லிவருகிறேன். இன்று ஞாயிறு. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைக்கிறேன். அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

"ஏனுங்க... இன்னிக்கு நான் நடக்கட்டுங்களா, படுத்துக்கட்டுங்களா?"

கேலிதான். ஆனால், பதிலுக்கு நிற்கிறாள்... கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

திரையில் ரஹமத் வந்துவிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். "சாப்ட்டேனுங்கம்மா" என்கிறேன். மற்றதை இன்றும் சொல்லவில்லை.