நெட்டா கூவும் அளவு

"நாப்பத்திரண்டு! போன வருஷத்தைவிட மூணு அங்குலம் கூட. பேக்கரிக்காரன் உன்னாலதான்யா பொழைக்கிறான்!"

நெட்டா கெடஸ் அளவெடுத்தால் எல்ஜின் கடைத்தெருவுக்கே கேட்கும். ஊசி பிடிக்கிற கைக்குப் பென்சில் ஆகாது என்பது அவள் கட்சி. டேப்பை இடுப்பில் சுற்றுவாள், எண்ணைக் கூவுவாள். எதிர்மேசையில் ஈரத்துணி போட்டு, எங்கள் ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டின் மடிப்புகளைத் தேய்க்கும் நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே கூத்து. பாதிரியாரின் இடுப்பும் தப்பியதில்லை.

நெட்டாவுக்கு அறுபத்தாறு வயது. மேசையருகே தேநீர் கூடாது. மழை பெய்தாலும் வாசலில் நின்றுதான் குடிப்பாள். எட்டு கஜம் கம்பளித் துணியை இருபத்தேழு மடிப்பாக்கிக் கையாலேயே தைப்பாள். மடிப்புக்கு மடிப்பு கட்டங்கள் விட்டுப்போகாமல் ஓட வேண்டும். நூலளவு விலகினால், "இதை எந்தக் குருடி தைச்சா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு பிரித்துவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை கர்ஸ்டி தன் அப்பாவின் கில்ட்டைக் கொண்டுவந்தாள். அப்பா லாக்லன் மன்ரோ, ஊர்ப் பேக்பைப் வாத்தியக் குழுவின் தலைவர். நெட்டா தைத்ததுதான் அது. குளிர்காலத்திலிருந்து அவருக்கு வயிற்றில் புற்றுநோய். சனிக்கிழமை கர்ஸ்டிக்குக் கல்யாணம்.

"இடுப்புப் பக்கிளை மட்டும் தள்ளி வச்சுடுங்க, போதும்."

"தள்ளினா முன்பக்கக் கோடு ஒரு ஓரமா ஓடிடும். பின்மடிப்பு விலாவுக்கு வந்துடும். அப்புறம் பொண்ணை யாரு பார்ப்பா? உங்கப்பா எளைச்சதைத்தான் ஊரே பார்க்கும்."

கர்ஸ்டி அழுதுவிட்டாள். "அதுதான் அவருக்குப் பயம். குழுவுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியறாரு."

"நாளைக்கு அவரை வரச் சொல்லு. முழுசாப் பிரிச்சுத் தைக்கிறேன்."

மறுநாள் வந்தார். சனியன், அந்த நேரம் பார்த்தா அவர் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்! நெட்டா அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். என் மேசையிலிருந்து ஓரமாகத் தெரியும். ஸ்வெட்டர்களைக் கழற்றியதும் சட்டை அவர்மேல் தொளதொளவென்று தொங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை.

"நெட்டா, எங்க தலைவரோட தொப்பை எவ்வளவு? சத்தமாச் சொல்லு!" என்றான் முரசுக்காரன் ஹாமிஷ்.

திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஹாமிஷின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

"முப்பத்தெட்டு!" என்று கூவினாள் நெட்டா. "அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த அதே அளவு. மனுஷன் கல்லு மாதிரி இருக்கான். உங்களை மாதிரியா, பீப்பாய்களா!"

கடை சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து லாக்லனும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

எப்போதும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவள், அன்று அதைக் கையில் பிடித்தபடி வந்தாள். அந்த மூவரையும் தாண்டி, என்னையும் தாண்டித் தன் மேசைக்குப் போனாள். சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போடுகிறவரை, டேப்பில் இருபத்தொன்பதரையின் மேல் அழுத்திய கட்டைவிரல் நகத்தை அவள் எடுக்கவே இல்லை.